கையில் ஒரு சில்லு: கேசினோ சிப் சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

என்னிடம் இப்போது 43 கேசினோ சிப்கள் இருக்கின்றன. ஆனா இன்று வரை ஒரு கேசினோவின் வாசலைக்கூட நான் தாண்டினதில்லை. இந்த ரெண்டையும் சேர்த்துச் சொன்னா ஹாஸ்டலில் யாரும் நம்பறதில்ல. "அப்போ போக்கர் ஆடுவியா?"ன்னு அடுத்த கேள்வி வரும். ஆடத் தெரியாது. ஸ்டாம்ப் சேர்க்கிறவன் எல்லாம் லெட்டர் எழுதறானா என்ன?

முதல்ல ஒரு சின்ன விஷயம். சிப்புக்குத் தமிழில் சில்லுன்னு ஒரு நல்ல வார்த்தை இருக்கு. பாண்டி ஆடும்போது கட்டத்தில் எறிகிறோமே, உடைந்த ஓட்டை வட்டமாகத் தேய்த்து எடுத்தது, அதுதான் சில்லு. கீழடியில் தோண்டியபோது சுட்டமண்ணில் செய்த வட்டச்சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கு. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் விளையாட்டுப் பொருள்களைப் போய்ப் பாருங்க. விளையாட்டுக்கு ஒரு வட்டமான துண்டு வேணும்ங்கிறது லாஸ் வேகாஸ் கண்டுபிடிப்பு இல்ல. அதனால் நான் சில்லுன்னே எழுதறேன்.

என் முதல் சில்லு மக்காவிலிருந்து வந்தது. மாமா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மர்ச்சண்டைசர். 2018-ல் ஹாங்காங்கில் நடந்த தோல் கண்காட்சிக்குப் போனவர், ஒரு சாயங்காலம் கூட வந்தவங்களோட ஃபெர்ரி ஏறி மக்காவ் போயிருக்கார். ஒரு மணி நேரம்தான் பயணம். திரும்பி வந்தபோது கோட் பாக்கெட்டில் ஒரு 100 ஹாங்காங் டாலர் சில்லு மாற்றாமல் தங்கிவிட்டது. அன்றைய கணக்குக்கு எண்ணூறு சொச்சம் ரூபாய். நாட்றம்பள்ளி வந்தப்போ "இந்தாடா, ஃபாரின் காசு"ன்னு என் கையில் குடுத்தார். அப்ப நான் எட்டாவது.

அம்மா அதை வாங்கிப் பார்த்துட்டு, "ஏன்டா, புள்ள கையில குடுக்கற பொருளா இது? சூதாட்டக் காசு வீட்டுக்குள்ள இன்னாத்துக்கு?"ன்னு தம்பியைத் திட்டினாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. ராத்திரி சாப்பிட்டதும் பரண்லேருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே கட்டுக் கட்டாக லாட்டரிச் சீட்டு. எல்லாம் தாத்தாவோடது. தாத்தா பச்சைத்தோல் வியாபாரம் பார்த்தவர். சந்தைக்குப் போய் வரும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் தினமும் சீட்டு வாங்குவாராம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 ஜனவரியில் தடை வந்தது. அதுக்குள்ள எங்க மாந்தோப்பு போயிடுச்சு. விழாத சீட்டு ஒன்றைக்கூட அவர் தூக்கிப் போடல, தேதி வாரியா ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருந்தார். அப்பா அந்தப் பெட்டியை மூடிட்டு, "வெச்சுக்கோ. ஆனா ஆடாத"ன்னார். அவ்வளவுதான்.

இந்தப் பொழுதுபோக்கில் என் விதிமுறை முழுக்க அந்த மூணு வார்த்தைதான்.

சரி, சில்லு ஏன் இருக்குன்னு முதல்ல பார்ப்போம், அது தெரியாம சேகரிக்கறதில் ருசி இருக்காது. கேசினோவில் ரூபாய் நோட்டை மேசை மேல வெச்சு ஆட முடியாது. கவுண்டரில் பணம் கட்டி சில்லு வாங்கணும், ஆட்டம் முடிஞ்சதும் சில்லைக் குடுத்துப் பணம் வாங்கணும். கேசினோக்காரர் சொல்லும் காரணங்கள் நியாயமானவைதான்: எண்ண எளிது, கேமராவில் தூரத்திலிருந்தே நிறத்தை வெச்சு மதிப்பைக் கணக்குப் போடலாம், திருடினாலும் வெளியே செல்லாது. இன்னொரு காரணத்தை அவங்க சத்தமாச் சொல்றதில்ல. ஐநூறு ரூபாய் நோட்டைக் கையிலிருந்து விடும்போது வரும் வலி, ஒரு கலர் வில்லையை நகர்த்தும்போது வராது.

அந்தக் கடைசி விஷயத்தை நான் புத்தகத்தில் படிக்கல. தேர்டு இயரில் என் ரூம்மேட் ஒருத்தன் திடீர்னு 2,000 ரூபாய் கடன் கேட்டான். ரெண்டு நாள் கழிச்சு இன்னொருத்தன்கிட்ட. விசாரிச்சா, அவன் அப்பா செமஸ்டர் ஃபீஸுக்கு அனுப்பின 38,000 ரூபாயை ஒன்பது நாளில் ஒரு ரம்மி ஆப்பில் விட்டிருக்கான். அவங்க அப்பா ஒரு டேனரியில் டிரம் ஆபரேட்டர். "எப்படிடா நிறுத்தாம போன?"ன்னு கேட்டதுக்கு அவன் சொன்னது: "ரூபாய்னு காட்டியிருந்தா நிறுத்தியிருப்பேன் மச்சி. ஸ்கிரீன்ல சிப்ஸ்னுதான் இருக்கும். அடுக்கடுக்கா, கலர் கலரா." அன்னிக்கு ராத்திரி என் ஷூ டப்பாவைத் திறந்து பார்த்தப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் ஆசையா அடுக்கி வெச்சிருக்கறதும் அதே வடிவம்தான். அவங்க அம்மாவோட நகை அடகுக்குப் போய்தான் ஃபீஸ் கட்டினாங்க. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம் வந்த பிறகு பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. அவனுக்கு அது அஞ்சாறு மாசம் லேட்.

அதனால்தான் இந்தக் கட்டுரையை "எவ்ளோ ஜாலி தெரியுமா"ன்னு ஆரம்பிக்கல. ஆனா ஜாலியும் நிறைய இருக்கு, அதுக்கு வர்றேன்.

நாம் இன்ஜினியரிங் படிக்கிறவங்க, எனவே முதலில் பொருளைப் பார்ப்போம். 19-ம் நூற்றாண்டில் பணக்கார ஆட்டக்காரர்கள் யானைத் தந்தத்திலும் எலும்பிலும் செய்த சில்லுகளை வைத்து ஆடினார்கள். 1880-களிலிருந்து களிமண் கலவைச் சில்லுகள் பரவலாயின. களிமண்ணை எதால் ஒட்டினார்கள் தெரியுமா? ஷெல்லாக். அரக்கு. அந்தக் காலத்தில் உலகத்துக்கே அரக்கு போனது பெரும்பாலும் நம்ம நாட்டிலிருந்துதான், கிராமபோன் தட்டு செய்ததும் அதே அரக்கில்தான். அதனால் அந்தப் பழைய சில்லு கிடைத்தால் கீழே போட்டுடாதீங்க, கிராமபோன் தட்டு மாதிரியே உடையும்.

இன்றைய அமெரிக்கச் சில்லைக் 'களிமண்'னு சொன்னாலும், அது பல பொருள்கள் கலந்த கலவை. ஃபார்முலா கம்பெனி ரகசியம். ஓரத்தில் வேற நிறத்தில் பட்டை பட்டையாக இருக்குமே, அது பெயின்ட் இல்ல. அந்த இடத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு வேற நிறக் கலவையை வைத்து, நடுவில் அச்சிட்ட வட்டத்தையும் பதித்து, அச்சுக்குள் வைத்து அழுத்துகிறார்கள். அழுத்தம் சுமார் 10,000 பி.எஸ்.ஐ., வெப்பம் கிட்டத்தட்ட 150 டிகிரி செல்சியஸ். கம்ப்ரெஷன் மோல்டிங், நம்ம மேனுஃபாக்சரிங் பேப்பரில் வருமே அதேதான். அதனால் சில்லை ஓரமாகத் திருப்பிப் பார்த்தால் அந்த நிறம் உள்ளே வரை போகும். எங்க ஊர்ப் பக்கம் பெல்ட்டோ பர்ஸோ வாங்கறவங்க மேற்பரப்பைப் பார்க்க மாட்டாங்க, வெட்டின ஓரத்தைப் பார்ப்பாங்க. தோலா ரெக்சினான்னு ஓரம் சொல்லிடும். சில்லுக்கும் அதே டெஸ்ட்.

இன்னொரு வகை, நடுவில் ஸ்டிக்கரோ படமோ இல்லாமல் தங்க நிறத்தில் பெயர் மட்டும் பதிந்திருக்கும். இதை ஹாட் ஸ்டாம்பிங்னு சொல்வாங்க. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குள்ள போயிருந்தீங்கன்னா பார்த்திருப்பீங்க, ஷூவுக்குள் குதிகால் வைக்கிற இடத்தில் பிராண்டு பேரைத் தங்க ஃபாயில் வைத்துச் சூடான அச்சால் அழுத்துவார்கள். அதே தத்துவம்தான். அமெரிக்காவில் பழைய சின்ன கிளப்புகளின் சில்லுகள் பல இந்த வகை. பார்க்க எளிமையா இருக்கும், ஆனா சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவதில் இதுவும் ஒண்ணு.

இதைச் செய்கிற கம்பெனிகள் கையளவுதான். பால் எண்டி 1963-ல் தொடங்கிய பால்-சன், லாஸ் வேகாஸின் பட் ஜோன்ஸ், பிரான்ஸில் போன் என்ற ஊரில் 1923-லிருந்து இருக்கும் பூர்கோன் எ கிராசே, மூணும் 2002-ல் சேர்ந்து கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனல் ஆனது. 2019-ல் அதை ஜப்பானின் ஏஞ்சல் கம்பெனி வாங்கியது. லாஸ் வேகாஸ்னு பேர் போட்ட பால்-சன் சில்லு பலதும் அச்சானது மெக்சிகோவில் சான் லூயிஸ் ரியோ கொலராடோ என்ற எல்லை ஊரில். இதைப் படிச்சப்போ எனக்கு ஆம்பூர்தான் ஞாபகம் வந்தது. நம்ம ஊர் அக்காங்க தைக்கிற ஷூவில் இத்தாலிப் பேர் இருக்கற மாதிரிதான்.

பால்-சன் சில்லை அடையாளம் காண்பது சுலபம். ஓரத்தைச் சுற்றிச் சின்னதாகத் தொப்பியும் கைத்தடியும் மாறி மாறிப் பதிந்திருக்கும். இப்படி ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் அச்சு வடிவம். இந்த வடிவங்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போ எல்லாரும் முதலில் செய்யும் தவறு. நானும் செய்தேன். ஆன்லைனில் அலுமினியப் பெட்டியோடு 500 சில்லு செட் விற்கிறார்கள், '11.5 கிராம் ஒரிஜினல் கேசினோ வெயிட்'னு போட்டிருக்கும். கேசினோக்களில் ஓடும் களிமண் வகைச் சில்லின் எடை பொதுவாக 8.5-லிருந்து 10 கிராம்தான். வீட்டு செட்டில் பிளாஸ்டிக்குக்கு உள்ளே ஒரு இரும்பு வட்டை வைத்து எடையை ஏற்றியிருப்பாங்க. கனமா இருந்தா உசத்தின்னு நமக்கு ஒரு நினைப்பு. மெட்ராலஜி லேபில் வெர்னியரும் தராசும் வைத்து அளந்தேன் (லேப் அசிஸ்டென்ட் அண்ணாவுக்கு நன்றி). என்னுடைய லாஸ் வேகாஸ் ஒரு டாலர் சில்லு 39.1 மி.மீ., 9.3 கிராம். வீட்டு செட் சில்லு 39.9 மி.மீ., 11.6 கிராம். காந்தத்தை வைத்தால் வீட்டு செட் சில்லு ஒட்டிக்கொள்ளும். ஆனா காந்தம் ஒட்டினாலே போலின்னு முடிவு கட்ட வேணாம். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிச் செய்யும் நிஜக் கேசினோ சில்லுகளிலும் உள்ளே உலோகம் வைப்பதுண்டு.

இன்னொரு வலை, 'ஃபேன்டசி' சில்லு. எப்போதோ மூடிய புகழ்பெற்ற கேசினோவின் பேரை இன்று புதுசா அச்சடித்து விற்பது. அந்த கேசினோ இருந்த காலத்தில் அப்படி ஒரு சில்லு வந்ததே இருக்காது. விற்பவர் போலின்னு சொல்ல மாட்டார், ஒரிஜினல்னும் சொல்ல மாட்டார். 'விண்டேஜ் ஸ்டைல்' என்ற வார்த்தையைப் பார்த்தாலே கழண்டுக்கோங்க.

சில்லில் வகைகள் பல. மதிப்பு அச்சிட்டுப் பணமாக மாற்றக்கூடியது ஒண்ணு. பணமாக மாறாத இலவசச் சில்லு ஒண்ணு, டிக்கெட்டோட குடுப்பாங்க, ஆட மட்டும்தான் செல்லும். டோர்னமென்ட் சில்லில் 5,000, 10,000 என்று இருக்கும், அது வெறும் புள்ளி. ரூலெட் சில்லில் மதிப்பே இருக்காது, ஒரு ஆளுக்கு ஒரு நிறம், மேசையை விட்டு எடுக்கவே கூடாது. ஐரோப்பாவில் பெரிய தொகைக்குச் செவ்வகப் பலகைகள். அமெரிக்காவில் நிறத்துக்கு ஒரு வழக்கம் இருக்கு: 1 டாலர் வெள்ளை அல்லது நீலம், 5 சிவப்பு, 25 பச்சை, 100 கறுப்பு, 500 ஊதா. ஆசியாவில் இதை நம்பாதீங்க.

சில்லின் உயிர் எங்கே இருக்குன்னு புரிய எனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு. 2010 டிசம்பர் 14, விடியற்காலை. லாஸ் வேகாஸ் பெலாஜியோவுக்குள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருத்தன் துப்பாக்கியோட வந்து, சுமார் 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகளை அள்ளிக்கிட்டு பைக்கில் பறந்துட்டான். படம் மாதிரி இருக்கா? அடுத்ததுதான் காமெடி. அதில் பல 25,000 டாலர் சில்லுகள். கேசினோ அந்தத் தொகுப்பையே ரத்து செய்வதாக அறிவித்தது, 2011 ஏப்ரல் 22-க்குப் பிறகு அது செல்லாது. நேர்மையாக வைத்திருப்பவர் அதுக்குள்ள வந்து மாத்திக்கலாம், திருடினவன் எந்த முகத்தோட கவுண்டருக்குப் போவான்? விற்க முயன்றபோது, வாங்க வந்தவர் மாறுவேடப் போலீஸ். மாட்டிக்கிட்டான்.

அதாவது சில்லு பணம் இல்ல, கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஆள் பணம் தர ஒத்துக்கொள்ளும் வரைக்கும்தான் அது பணம். நெவாடா விதிப்படி ஒரு சில்லை நிறுத்தினால் குறைந்தது 120 நாளாவது மாற்றித் தர வாய்ப்பு தரணும். அந்தக் கெடு முடிந்த பிறகு அது வெறும் வில்லை. சேகரிப்பவருக்கு அங்கேதான் கதை ஆரம்பிக்குது. கேசினோவுக்கு மதிப்பு பூஜ்யமாகும் நாளிலிருந்து நமக்கு அதன் மதிப்பு ஏறும். 2014-ல் கோல்டன் கூஸ் என்ற மூடிப்போன லாஸ் வேகாஸ் கேசினோவின் 5 டாலர் சில்லு ஒன்று, சேகரிப்பாளர் மாநாட்டில் 75,000 டாலருக்குப் போனது. உடனே கண்ணு விரிய வேணாம். அது உலக ரெக்கார்டாகப் பேசப்பட்ட விலை. மூடிய கேசினோக்களின் பெரும்பாலான சில்லுகள் சில டாலருக்குக் கிடைக்கும். 2024 ஏப்ரல் 2-ல் மூடி, அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்த ட்ராப்பிகானாவின் ஒரு டாலர் சில்லு என்னிடமே இருக்கு. கட்டடம் விழுந்த வீடியோவைப் பார்த்துட்டு அதைக் கையில் வெச்சுப் பாருங்க, அதுதான் இந்த ஹாபி.

போலிக் கதையும் ஒண்ணு சொல்லியே ஆகணும். 2014 ஜனவரியில் அட்லாண்டிக் சிட்டியின் போர்கட்டாவில் நடந்த டோர்னமென்டில் ஒருத்தன் சீனாவிலிருந்து வரவழைத்த போலிச் சில்லுகளைக் கலந்துட்டான். மாட்டிப்போம்னு பயந்து மிச்சத்தை ஓட்டல் ரூம் டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் பண்ண, பைப் அடைச்சுக்கிச்சு. பிளம்பரால் பிடிபட்ட குற்றவாளி உலகத்திலேயே குறைவாத்தான் இருப்பாங்க. இன்று பெரிய மதிப்புச் சில்லுகளுக்குள் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் வைக்கிறார்கள். 13.56 மெகாஹெர்ட்ஸ், நம்ம மெட்ரோ கார்டு வேலை செய்யும் அதே அலைவரிசை.

நாட்றம்பள்ளியில் இருந்துகொண்டு இதெல்லாம் எப்படிக் கிடைக்கும்? இந்தியாவில் கேசினோ சட்டப்படி ஓடும் இடங்கள் குறைவு. முக்கியமானது கோவா. 1976-ல் வந்த சட்டத்தை 1992-ல் திருத்தி ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் ஸ்லாட் மெஷினுக்கு அனுமதி கொடுத்தார்கள். 1996-ல் இன்னொரு திருத்தம், மேசை ஆட்டம் கப்பலில் மட்டும் நடத்தலாம். அதனால்தான் பணஜியில் மாண்டவி ஆற்றில் அந்த லைட் போட்ட கப்பல்கள் நிற்கின்றன. முதல் கப்பல் கேசினோ கேரவெலா, 2001. அடுத்தது சிக்கிம், 2002-ல் தனிச் சட்டம், 2009-ல் காங்டாக்கில் முதல் கேசினோ. பக்கத்து நாடுகளில் நேபாளம் (1968-லேயே காத்மாண்டுவில் ஒன்று), கொழும்பு. அப்புறம் மலேசியாவின் கெந்திங் மலை, சிங்கப்பூரில் 2010-ல் திறந்த இரண்டு. நம்ம ஊர் அண்ணன்மார் அதிகம் வேலைக்குப் போகும் வளைகுடாவில் இதுவரை ஒண்ணும் கிடைக்காது. ராஸ் அல் கைமாவில் ஒன்று கட்டிக்கிட்டு இருக்காங்க.

இந்தச் சில்லுகளை நாடு வாரியா அடுக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நேபாளத்து கேசினோவுக்குள் நேபாளிகளுக்கு அனுமதி இல்ல. 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் கோவா கேசினோவுக்குள் போகக் கூடாது. சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு நுழைவு இலவசம், ஆனா சொந்தக் குடிமக்கள் ஒரு நாளைக்கு 150 டாலர் கட்டணும். தென்கொரியாவில் எத்தனையோ கேசினோ இருந்தும் கொரியர்கள் ஆடலாம்னு அனுமதி ஒரே ஒரு இடத்தில்தான். கடை வைத்திருக்கிறவரே தன் வீட்டுப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டேங்கறார். என் ஆல்பத்தில் இதற்கு ஒரு தனிப் பக்கமே இருக்கு.

போன செமஸ்டரில் எங்க ஐ.வி. கோவாவுக்கு. பெங்களூரு வரைக்கும் ஒரு ரயில், அங்கிருந்து பஸ். கேசினோவுக்குள் போக 21 வயசு ஆகணும், எனக்கு ரெண்டு மாசம் குறைவு. அரியர் வெச்ச சீனியர் அண்ணன் ஒருத்தர் உள்ளே போனார். "நீங்க ஆடினாலும் ஆடாட்டியும் எனக்கு ஒரே ஒரு சின்னச் சில்லு, அதுக்கு உண்டான காசு இந்தாங்க"ன்னு குடுத்தனுப்பினேன். என் ரூம்மேட்டுக்கு 21 ஆயிடுச்சு, ஐ.டி. கார்டும் கையில் இருந்தது. "நீ தனியா நிப்பியே"ன்னு சொல்லிட்டு என் கூடவே படகுத் துறையில் மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பேல்பூரி சாப்பிட்டோம். அதைப் பத்தி நானும் கேட்கல, அவனும் பேசல.

ஆட்களை அனுப்பும்போது சில விஷயம். எப்பவும் மிகக் குறைந்த மதிப்புச் சில்லைக் கேளுங்க. காசை முன்னாடியே குடுத்துடுங்க, இல்லன்னா அவர் ஆடி ஜெயிச்சு வாங்கித் தர்றேன்னு கிளம்பிடுவார். எடுத்துட்டுப் போகலாமான்னு அங்கே கேட்கச் சொல்லுங்க, சில இடத்தில் சில்லு கேசினோவின் சொத்துன்னு விதி வைத்திருப்பாங்க. பொதுவா ஒரு டாலர் சில்லை நினைவுப் பொருளா எடுத்துட்டுப் போனா கேசினோவுக்கு சந்தோஷம்தான், திரும்ப வராத சில்லு அவங்களுக்கு வட்டியில்லாக் கடன். இந்தியாவில் வரியும் சேரும். 2023 அக்டோபர் 1 முதல் சில்லு வாங்கக் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பரில் அது 40 சதவீதம் ஆயிடுச்சு.

வெளிநாட்டு ஏல சைட்டுகளில் வாங்கலாம், ஆனா சில்லு விலையைவிட தபால் செலவு அதிகமா வரும், மேலே கஸ்டம்ஸ். அதனால் நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலில் வாங்குவது புத்திசாலித்தனம். எனக்குப் பிடிச்ச வழி பண்டமாற்று. இந்தியச் சில்லு அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு எளிதில் கிடைக்காது. ஒரு கோவா சில்லைக் குடுத்துட்டு ஆறு நெவாடா சில்லு வாங்கியிருக்கேன். அங்கே இதற்கு 1988-லிருந்து ஒரு சங்கம் இருக்கு, இப்போதைய பேர் கேசினோ கலெக்டபிள்ஸ் அசோசியேஷன், வருஷா வருஷம் லாஸ் வேகாஸில் மாநாடு. சிப்கைடுன்னு ஒரு இலவசப் பட்டியலும் இருக்கு, கையில் உள்ள சில்லு எந்த ஊர், எந்தக் காலம்னு படத்தோட ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்லது இல்ல. சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி நடத்தும் நாணயக் கண்காட்சிகளிலும் வெளிநாட்டு டோக்கன்கள் இருக்கும் குப்பைத் தட்டுகளைக் கிளறிப் பாருங்க. ஸ்லாட் மெஷின் உலோக டோக்கன் கிடைக்கலாம். 1965-ல் அமெரிக்காவில் வெள்ளி டாலருக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஃபிராங்க்ளின் மின்ட் கேசினோக்களுக்கு அச்சடிக்க ஆரம்பித்தது அது.

எதைச் சேர்ப்பதுன்னு முதலிலேயே ஒரு எல்லை போட்டுக்கோங்க. எல்லாம் வேணும்னா காசும் பத்தாது, பெட்டியும் பத்தாது. ஒரு டாலர் மட்டும், அல்லது மூடிய கேசினோ மட்டும், அல்லது ஆசியா மட்டும். நான் ஆசியா, கூடவே இடித்த கட்டடங்கள்.

பாதுகாக்க எங்க ஊரில் எல்லாமே ஓசி. ஷூ டப்பா இருக்கு. ஷூவோடு வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட் மாமா வீட்டில் மூட்டையாக் கிடைக்கும், மழைக் காலத்தில் டப்பாவுக்கு ரெண்டு போட்டா போதும். 39 மி.மீ. காயின் கேப்சூலில் களிமண் சில்லு கச்சிதமா உட்காரும், உசத்திச் சில்லுக்கு மட்டும் அதை வாங்கினா போதும். மெத்து மெத்துனு இருக்கும் பி.வி.சி. உறை வேணவே வேணாம், அதில் மென்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் வருஷக்கணக்கில் கசிந்து மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கும், உலோக டோக்கனில் பச்சை படியும். ரப்பர் பேண்டும் வேணாம். தாத்தாவின் சீட்டுக் கட்டுகளில் ரப்பர் உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போனதைப் பார்த்த பிறகு அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல. வெயிலில் வைக்காதீங்க, நிறம் போகும். சோப்புத் தண்ணியில் ஊற வைக்காதீங்க, நடுவிலுள்ள அச்சு தூக்கிக்கும். கொஞ்சம் ஈரமான துணி, உடனே காய்ந்த துணி, அவ்ளோதான்.

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆல்பத்தில் ஒவ்வொரு ஊர்ச் சில்லும் ஒண்ணு ஒண்ணா இருந்தா அது சேகரிப்பு. 500 சில்லு செட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து காசு வைத்தால் 1930-லிருந்து அமலில் இருக்கும் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் அதை வேற பேர் சொல்லித்தான் கூப்பிடும். வார்டன் சாரிடம் ஆல்பத்தை முன்னாடியே காட்டிவிடுவது நல்லது. நான் காட்டினேன். "இதுல எது கோவா?"ன்னு கேட்டு அரை மணி நேரம் பார்த்துட்டுத்தான் குடுத்தார்.

என்னிடம் கோவா இரண்டு டூப்ளிகேட்டா இருக்கு, கெந்திங் ஒண்ணு. தேடறது நேபாளம், அதுவும் மூடிப்போன பழைய காத்மாண்டு கேசினோவோடது. யாருடைய அப்பாவோ பெரியப்பாவோ அந்தக் காலத்தில் பசுபதிநாதர் கோயிலுக்குப் போய் வந்திருந்தா, வீட்டு மேசை டிராயரை ஒரு தடவை திறந்து பாருங்க. மெக்கானிக்கல் ஃபைனல் இயர், பி செக்ஷன். மதியம் மெட்ராலஜி லேபில்தான் இருப்பேன்.